மண்ணெண்ணெய் வாசனையும் ஆறாம் குழு உப்பும்



கொஞ்சம் நீளமான பதிவு. மிலானிலிருந்து திரும்பி மூன்று மாதமாகிறது. மகள் வீட்டில் எடுத்த போட்டோக்களைப் போட்டேன், பேரன் சைக்கிள் ஓட்டுவதைப் போட்டேன். இதை மட்டும் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். காரணம், விஷயம் ஒயின் பற்றியது. "வாத்தியார் இந்த வயசுல ஆரம்பிச்சுட்டாரா" என்று முதல் கமெண்ட் யார் போடுவார் என்று எனக்குத் தெரியும் (அத்தான், உங்களைத்தான் சொல்கிறேன்). ஆரம்பிக்கவில்லை. இந்த 69 வயதில் என் தொண்டைக்குள் ஒரு சொட்டு இறங்கியதில்லை. வாயில் வைத்தேன், துப்பினேன். தொழில்முறையில் ருசி பார்ப்பவர்கள் எல்லோருமே துப்பத்தான் செய்கிறார்கள். அதற்கென்று மேசையில் ஒரு குவளையே வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்க நாற்பது, ஐம்பது ஒயின் பார்க்கிறவன் விழுங்கினால் பத்தாவதிலேயே நாக்கும் மூக்கும் வேலைநிறுத்தம் செய்துவிடும்.

இதில் வருகிற மாணவன் 1996-97 பேட்ச். பெயர் போடவில்லை. அந்த பேட்ச் ஆட்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள், கமெண்டிலும் போடாதீர்கள். எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க சார், ஆனா என்னை ரொம்ப நல்லவனா காட்டாதீங்க" என்றான்.

அவன் மிலானில் ஓர் உணவகத்தில் சொம்மெலியே. எந்த உணவுக்கு எந்த ஒயின் என்று தேர்ந்தெடுத்து, வாங்கி, பாதுகாத்து, பரிமாறுகிற பொறுப்பு. பாலிடெக்னிக் பக்கம் போகாமல் கேட்டரிங் படித்து, கப்பலில் வேலை பார்த்து, அங்கேயே இறங்கிவிட்டவன். அக்டோபரில் ஒரு ஞாயிறு மதியம் அவன் வீட்டுக்குக் கூப்பிட்டான். கூடவே வேலை பார்க்கும் நான்கு பேர் வருவார்கள், ஏதோ மேல்பரீட்சைக்குப் படிக்கிறார்கள், "பிளைண்ட் டேஸ்டிங் பயிற்சி சார், உங்களுக்குப் பிடிக்கும்" என்றான். எனக்கு எப்படிப் பிடிக்கும் என்று மனதுக்குள் நினைத்தபடிதான் போனேன். மகள்தான் வற்புறுத்தினாள்.

பிளைண்ட் டேஸ்டிங் என்றால் கண்ணைக் கட்டிக்கொள்வது என்று நினைத்திருந்தேன். கண்ணை அல்ல, பாட்டிலைக் கட்டுகிறார்கள். துணி உறைக்குள் போட்டுக் கழுத்தில் முடிச்சு. அதுவும் போதாது, பாட்டிலின் வடிவமே காட்டிக் கொடுத்துவிடும், ஒல்லியான நெடிய பாட்டில் என்றால் ரீஸ்லிங் என்று பாதிப்பேர் சொல்லிவிடுவார்கள். ஆகவே சமையலறையிலேயே வேறு குடுவைக்கு மாற்றி எடுத்து வந்தாள் ஒரு பெண். ஆளுக்கு ஆறு கிளாஸ். ஆறும் வெள்ளை ஒயின். எந்த நாடு, எந்த ரகத் திராட்சை, எந்த ஆண்டு எதுவும் சொல்லவில்லை. நிறம் பார், மோந்து பார், வாயில் வைத்துப் பார், எழுது.

எனக்கு ஒரு நிமிடம் நம் ஆய்வகத்துக்குள் நுழைந்ததுபோல இருந்தது. உப்புப் பகுப்பாய்வு! சோதனைக் குழாயில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. என்ன உப்பு? முதலில் நிறம். நீலமாக இருந்தால் தாமிரம் என்று யோசி. பிறகு மணம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் நுரைத்துப் பொங்குகிறதா? கார்பனேட். அழுகிய முட்டை நாற்றமா? சல்பைடு. பிறகு முதல் குழு, இரண்டாம் குழு என்று வரிசையாக. உங்களில் பாதிப்பேர் இதை மறந்திருப்பீர்கள், மீதிப்பேர் அந்த ஹைட்ரஜன் சல்பைடு நாற்றத்தை இந்த ஜென்மத்தில் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே வித்தியாசம்: ஆய்வகத்தில் எதையும் வாயில் வைக்காதே என்று 33 வருடம் கத்தியவன் நான். இங்கே வாயில் வைக்கச் சொல்கிறார்கள்.

முதல் மூன்று கிளாஸ்களை வேகமாகக் கடந்துவிடுகிறேன். எனக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் இருந்தன. முதலாவதில் பாதாம் பருப்பின் தோல்போல லேசான கசப்பு, இரண்டாவதில் ஏதோ வறுத்த கொட்டை வாசனை, மூன்றாவதில் மூலிகை. அவ்வளவுதான் என் மூக்குக்கு எட்டியது.

நாலாவது கிளாஸில் குனிந்தேன். என்னை மறந்து "மண்ணெண்ணெய்!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

ஐந்து பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நம்மவன் சிரித்துக்கொண்டே இத்தாலிய மொழியில் ஏதோ சொன்னான். அந்தப் பெண் தலையாட்டி "இத்ரொகார்பூரோ" என்றாள். ஹைட்ரோகார்பன்! வேதியியல் வாத்தியாருக்கு அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

ரேஷன் கடை வரிசையில் கேனோடு நின்றவர்கள், பம்ப் ஸ்டவ் பற்றவைத்தவர்கள், அரிக்கேன் விளக்கில் படித்தவர்கள் நாம். அந்த வாசனையை நம் தலைமுறைக்குச் சொல்லித்தர வேண்டுமா? திராட்சைச் சாற்றில் அது எப்படி வந்தது என்பதுதான் என் கேள்வி. யாரும் கலப்படம் செய்யவில்லை. திராட்சையின் தோலில் கரோட்டினாய்டுகள் இருக்கின்றன, கேரட்டுக்கும் பப்பாளிக்கும் நிறம் கொடுக்கிற அதே குடும்பம். அவை சிதைந்து உண்டாகும் பொருள்கள், ஒயினின் அமிலத்தில் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல மாறி, ட்ரைமெத்தில் டைஹைட்ரோநாப்தலீன் என்கிற ஒரு சேர்மமாகின்றன. சுருக்கமாக டி.டி.என். பீரோவில் போடுகிற அந்துருண்டைக்குத் தூரத்துச் சொந்தம். வெயில் நன்றாகப் பட்ட திராட்சையில் அதிகம் வரும், பாட்டிலில் வயது ஏற ஏறவும் கூடும். ரீஸ்லிங் என்கிற ஜெர்மன் ரகத்துக்கு இது ஊரறிந்த அடையாளம்.

ஊரறிந்த அடையாளம் என்பதுதான் அங்கே பிரச்சினையும்கூட. மூன்று பேர் யோசிக்காமல் ரீஸ்லிங் என்று எழுதிவிட்டார்கள். அந்தப் பெண் மட்டும் ஷெனின் பிளாங் என்று எழுதினாள், பிரான்ஸின் லுவார் ஆற்றுப் பக்கத்து ரகம். நம்மவன் கடைசிவரை எழுதவில்லை. திரும்பத் திரும்ப கிளாஸைச் சுழற்றி மோந்துகொண்டிருந்தான். பிறகு வாய்விட்டு ஒவ்வொன்றாகக் கழிக்க ஆரம்பித்தான். எனக்காகப் பாதி தமிழில் சொன்னான். முடிந்தவரை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

"நிறம் நல்ல வைக்கோல் மஞ்சள் சார், பொன்னிறம் பக்கம் போகுது. இளசு இல்ல. ஆனா வெனிலா வாசனையோ, வறுத்த பிரட் வாசனையோ வரல. அப்ப புது ஓக் பீப்பாய்ல வச்சதில்ல. தேன் இருக்கு, காய்ஞ்ச புல் இருக்கு, பழுத்த பேரிக்காய் இருக்கு, நீங்க சொன்ன மண்ணெண்ணெய் இருக்கு. ரீஸ்லிங்னா எலுமிச்சை, பீச் பழம், பூ வாசனை இதெல்லாம் முன்னால வந்து நிக்கணும். இதுல பழம் பின்னால நிக்குது. புளிப்பு பாருங்க, துப்பின பிறகும் வாய்ல எச்சில் ஊறிக்கிட்டே இருக்கு. சர்க்கரை இல்ல. ஆனா தொண்டைல சூடு. பதினாலு சதவீதம் ஆல்கஹால் இருக்கும். வாய்ல எண்ணெய் மாதிரி கனம். கடைசியில ஈறுல லேசா ஒரு துவர்ப்பு. ஜெர்மன்காரன் இவ்வளவு கனமா பண்ண மாட்டான். அல்சாஸ்காரன் பண்ணலாம். ஆனா அந்தத் துவர்ப்பு எனக்கு இடிக்குது."

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். திராட்சையின் புளிப்பில் பெரும்பங்கு டார்ட்டாரிக் அமிலம். நம் வீட்டுப் புளியில் இருப்பதும் அதே அமிலம்தான். புளிக்குழம்பில் புளி கூடியிருக்கிறதா, பழைய புளியா புதுப்புளியா என்று ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்த்துச் சொல்கிற நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தப் பரீட்சையில் பாதி மார்க் இப்போதே போடலாம்.

ஷெனின் பிளாங்குக்கும் இந்தப் புளிப்பு உண்டாம். அதில் ஈரக் கம்பளி மாதிரி ஒரு வாசனை வரும், மண்ணெண்ணெய் வராது என்று அதைக் கழித்தான். பிறகு இத்தாலிக்குள் வந்தான். எத்னா எரிமலைச் சரிவில் விளைகிற கரிக்காந்தே? அதற்கும் வயதானால் இந்த வாசனை வருமாம், ஆனால் உடம்பு ஒல்லி, இவ்வளவு கனம் கிடையாது. ஃபியானோ? புகையும் வறுத்த கொட்டையும் வேண்டும், அது இரண்டாவது கிளாஸிலேயே வந்துபோய்விட்டது என்றான். வெர்டிக்கியோ? நிறத்தில் ஒரு பச்சைச் சாயலும் முடிவில் பாதாம் கசப்பும் வேண்டும். எல்லாவற்றையும் அடித்த பிறகு எழுதினான்: "டிமொராஸ்ஸோவாக இருக்கலாம். எழுபது சதவீதம்."

குடுவையின் ரகசியம் உடைந்தது. டிமொராஸ்ஸோதான்.

எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை. வயிற்றை என்னவோ செய்தது. "இருக்கலாம்" என்று அவன் எழுதி நான் பார்ப்பது அது இரண்டாவது முறை.

1997 ஜனவரி என்று நினைக்கிறேன், மாதிரி செய்முறைத் தேர்வு. அவனுக்கு வந்தது மெக்னீசியம் கார்பனேட். கார்பனேட்டை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டான். பிறகு முதல் குழு இல்லை, இரண்டாம் குழு இல்லை, மூன்று, நான்கு, ஐந்து இல்லை. ஒவ்வொன்றுக்கும் என்ன சேர்த்தான், என்ன பார்த்தான் என்று சுத்தமாக எழுதியிருந்தான். ஆறாம் குழுவில் மெக்னீசியத்துக்கு டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் சேர்த்தால் வெள்ளைப் படிக வீழ்படிவு வர வேண்டும். சில சமயம் சண்டித்தனம் செய்யும், குழாயின் உட்சுவரைக் கண்ணாடிக் குச்சியால் தேய்த்துவிட வேண்டும். அது அவனுக்குத் தெரியவில்லை. வீழ்படிவு வரவில்லை. "மற்ற ஐந்து குழுக்களும் இல்லாததால் மெக்னீசியமாக இருக்கலாம், உறுதிச் சோதனை கிடைக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

பக்கத்து மேசைக்காரனுக்கு உப்பின் பெயர் வெளியிலிருந்து காதுக்கு வந்துவிட்டது. விடையிலிருந்து பின்னோக்கி எல்லாச் சோதனைகளையும் அழகாக ஜோடித்து எழுதினான். எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் அவனுக்கு முழு மதிப்பெண் போட்டேன், விடை சரி என்பதால். இவனுக்குப் பாதிக்கும் கீழே. "பரீட்சையில் இருக்கலாம், கிடக்கலாம் என்றெல்லாம் எழுதாதே, தெரிந்தால் எழுது" என்று வகுப்பு முன்னால் சொன்னேன். எல்லோரும் சிரித்தீர்கள்.

சரி, இப்போது என் கருத்துக்கு வருகிறேன். இந்த ருசி பார்க்கும் விளையாட்டை ஏமாற்று வேலை என்று சொல்கிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். அவர்கள் கையில் வலுவான ஆதாரமும் இருக்கிறது. 2001-ல் பிரான்ஸின் போர்தோ நகரத்து ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒயின் படிப்பு படிக்கிற 54 பேரிடம், ஒரு வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளை அதற்கு எழுதித் தள்ளிவிட்டார்கள். பார், இவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சிரிக்க இது போதும். ஆனால் அந்த ஆய்வு சொல்வது வேறு. கண் சொல்வதை மூக்கு கேட்கிறது என்பதுதான் அதன் சாரம். அப்படியானால் பாட்டிலை மறைப்பது சரியான காரியம்தானே? லேபிளில் விலையும் ஊரும் பேரும் தெரிந்தால் நாக்கு அதற்கு ஏற்ப ஆடிவிடும். 1976-ல் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்கிற ஆங்கிலேயர் லேபிளை மறைத்து நடத்திய போட்டியில், பிரெஞ்சு நடுவர்களே கலிபோர்னியா ஒயின்களை முதலிடத்தில் வைத்தது இப்படித்தான். லேபிள் தெரிந்திருந்தால் அது நடந்திருக்காது.

அதே சமயம், ஒரு வாய் வைத்ததும் கண்ணை மூடி "இந்த ஊர், இந்த வருஷம்" என்று அடித்துவிடுகிற வித்தைக்காரர்களையும் எனக்குப் பிடிக்கவில்லை. சினிமாவில் அதைத்தான் காட்டுகிறார்கள். அது காதுக்கு வந்த உப்பின் பெயரை எழுதுவதற்குச் சமம். சரியாகவே இருந்தாலும் அதில் என்ன இருக்கிறது? மாஸ்டர் ஆஃப் ஒயின் என்று லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு பட்டம் இருக்கிறது. இந்தியாவில் முதலில் அதை வாங்கியவர் சோனல் ஹாலண்ட் என்கிற பெண்மணி, 2016-ல். அதன் செய்முறைத் தேர்வில் மூன்று தாள், தாளுக்கு 12 என்று 36 ஒயின்கள். பெயரைச் சரியாகச் சொல்வதைவிட, எந்த ஆதாரத்திலிருந்து எந்த முடிவுக்கு வந்தாய் என்ற வாதத்துக்குத்தான் அங்கே மதிப்பெண் அதிகமாம். பெயர் தவறினாலும் வாதம் நேராக இருந்தால் பிழைக்கலாம். அவன் இதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

ஆனால் எனக்கு இருக்கிற பெரிய குறை வேறு. அந்த மூன்று பேர் ரீஸ்லிங் என்று எழுதியது அவர்கள் தவறா? மண்ணெண்ணெய் என்றால் ரீஸ்லிங் என்று புத்தகம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பட்டியலில் டிமொராஸ்ஸோ இல்லை. பட்டியலில் இல்லாததை எவன் கண்டுபிடிப்பான்? உலகத்துத் திராட்சை ரகங்களைத் தொகுத்து ஜான்சிஸ் ராபின்சனும் இன்னும் இருவரும் 2012-ல் போட்ட புத்தகத்தில் 1,368 ரகங்கள் இருக்கின்றன. இத்தாலிக்கு மட்டும் 377. ஆனால் வகுப்புகளில் சொல்லித்தருவது ஒரு கைப்பிடி. மீதி அத்தனைக்கும் "நியூட்ரல்" என்று ஒரே முத்திரை. மணமில்லாதது, குணமில்லாதது என்று பொருள். மணமில்லாமல் இல்லை. மோந்து பார்க்க யாரும் மெனக்கெடவில்லை. கடைசி பெஞ்சு என்று எழுதிவைத்துவிட்டுக் கேள்வியே கேட்காமல் விடுவது மாதிரி.

இந்த டிமொராஸ்ஸோவின் கதையைக் கேட்டால் புரியும். மறு வாரம் மாப்பிள்ளை காரை எடுக்க, அவனையும் ஏற்றிக்கொண்டு தொர்தோனா என்கிற ஊருக்குப் போனோம். மிலானிலிருந்து தெற்கே, ஜெனோவா போகிற வழி. அலெஸ்ஸாந்திரியா மாவட்டம். ரோமானியர் காலத்தில் அந்த ஊருக்குத் தெர்தோனா என்று பெயர், இப்போது இந்த ஒயினுக்கு அந்தப் பழைய பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பூமியின் வயதில் ஒரு காலகட்டத்துக்கே இந்த ஊரை வைத்துத்தான் பெயர், தொர்தோனியன் என்று. சுமார் 1 கோடியே 16 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 72 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம். கடலடியில் படிந்த களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த வெளுத்த மண் அது. கையில் எடுத்துப் பார்த்தேன், எலுமிச்சை பிழிந்தால் நுரைக்கும் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். எலுமிச்சை கையில் இல்லை.

குன்றுகள். திராட்சை பறித்து முடிந்து இலைகள் மஞ்சளாகியிருந்தன. சைக்கிள் வீரர் ஃபாஸ்தோ கொப்பி பிறந்த கஸ்தெல்லானியா இந்தக் குன்றுகளில்தான். "நான்காவது வர்க்கம்" என்று தொழிலாளர்கள் நடந்து வருகிற பெரிய ஓவியம் பார்த்திருப்பீர்கள், சங்க அலுவலகங்களில்கூட அதன் படம் மாட்டியிருப்பார்கள். அதை 1901-ல் முடித்த பெல்லிட்ஸாவின் ஊர் வொல்பேதோவும் இங்கேதான். அதற்குப் பக்கத்து ஊர் மொன்லியாலே.

ஒரு காலத்தில் இந்தக் குன்றுகள் முழுக்க டிமொராஸ்ஸோ. 1879-ல் இத்தாலிக்குள் பைலோக்செரா என்கிற பேன் போன்ற பூச்சி நுழைந்தது. வேரைத் தின்கிற பூச்சி. ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்த அதே பூச்சிதான். அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டித்தான் மறுபடி நட வேண்டியிருந்தது. மறுபடி நடும்போது விவசாயி என்ன நினைப்பான்? டிமொராஸ்ஸோ தொல்லை பிடித்த ரகம். பூ பிடிப்பது சீராக இருக்காது, ஒரே குலையில் பெரிதும் சிறிதுமாகக் காய்க்கும், எளிதில் அழுகும். கோர்த்தேசே என்கிற ரகம் நட்டால் ஆண்டு தவறாமல் நிறைய காய்க்கும். நம்மூரில் பாரம்பரிய நெல் எப்படிப் போயிற்றோ அப்படியே. விவசாயியைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, கடன்காரன் வாசலில் நிற்பவனிடம் மணத்தைப் பற்றிப் பேச முடியாது.

1980-களில் டிமொராஸ்ஸோ ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது. மொன்லியாலேயில் வால்டர் மாஸ்ஸா என்கிற விவசாயி, குடும்பத் தோட்டத்தில் வேறு ரகங்களோடு கலந்து கிடந்த சில கொடிகளைத் தனியே கவனித்து, அந்தப் பழத்தை மட்டும் பிரித்து ஒயின் செய்து பார்த்தார். அந்தப் பத்தாண்டின் கடைசிப் பகுதியில் முதல் பாட்டில்கள். யாருக்கும் பெயர் தெரியாத ஒயின், வருடக்கணக்கில் தன்னந்தனியாகச் செய்துகொண்டிருந்தார். பிறகு அக்கம்பக்கத்தார் சிலர் சேர்ந்தார்கள். இன்று விலை உயர்ந்த பரோலோ ஒயின் செய்கிற பெரிய வீடுகள் பல இங்கே வந்து நிலம் வாங்கியிருக்கின்றன. ஒருவர் அந்தக் கொடிகளை மற்றவற்றிலிருந்து பிரித்துப் பார்த்திராவிட்டால், அடுத்த மறுநடவில் அவையும் பிடுங்கப்பட்டிருக்கும்.

ஆகவேதான் சொல்கிறேன், பெயர் தெரியாத ரகத்தை மறைத்துவைத்துக் கண்டுபிடிக்கப் பழகுவதைப் பணக்காரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. பரிமாறுகிறவனுக்கு இது டிமொராஸ்ஸோ என்று அடையாளம் தெரிந்தால்தான் அடுத்த மேசைக்குச் சிபாரிசு செய்வான். அவன் சிபாரிசு செய்தால்தான் அந்தக் குன்றில் அந்தக் கொடி நிற்கும். ரீஸ்லிங் மாதிரி ஒன்று என்று சொல்லி ஊற்றினால், ஒரிஜினல் ரீஸ்லிங்கே குடித்துக்கொள்கிறேன் என்று வாடிக்கையாளர் போய்விடுவார்.

ஆறாவது கிளாஸை மறந்துவிட்டேன். அதில் நம்மவன் "வெர்டிக்கியோ" என்று உறுதியாக எழுதினான், 90 சதவீதம் போட்டு. உறை பிரித்தால் லுகானா, கார்தா ஏரிக்குத் தெற்கே செய்கிற ஒயின். திராட்சையின் பெயர் துர்பியானா. தோற்றுவிட்டான் என்று நான்கு பேரும் மேசையைத் தட்டினார்கள். அவன் சிரித்துக்கொண்டு, சார், மரபணு ஆய்வில் துர்பியானாவும் வெர்டிக்கியோவும் ஒன்றுதான் என்று வந்திருக்கிறது, ஊர் மாறிப் பேர் மாறியது என்றான். ஏரிக்கரைக்காரர்கள் தங்களுடையது தனி என்று இன்றும் சொல்வார்களாம். இதற்கு எப்படி மார்க் போடுவது? 33 வருடம் விடைத்தாள் திருத்தியவனிடம் ஐந்து பேரும் தீர்ப்புக் கேட்டார்கள். கார்தா ஏரி என்று எழுதாததற்குப் பாதி வெட்டினேன். திராட்சைக்கு முழு மார்க். ஒத்துக்கொண்டார்கள்.

இனி எழுதுவது உறவுகளுக்கு.

சின்னவன் 2003-ல் கல்லீரல் கெட்டுப் போனது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவனைத் தோளில் தாங்கிக் கூட்டிவந்த இரவுகள் எனக்குத்தான் தெரியும். 2009-ல் இந்த மாணவன் ஊருக்கு வந்தபோது ஸ்வீட் பாக்ஸோடு வீட்டுக்கு வந்தான். சார், இத்தாலியில் நல்ல வேலை என்றான். என்ன வேலை என்று கேட்டேன். விளக்கினான். "ஒயின் ஷாப்ல கிளாஸ் கழுவி வைக்கிறவனுக்கும் உனக்கும் சம்பளம்தான் வித்தியாசம்" என்றேன். (நம்மூர் ஒயின் ஷாப்பில் ஒயினைத் தவிர எல்லாம் விற்கும் என்பது வேறு விஷயம்.) அவன் ஒன்றும் பேசவில்லை. காபியைக் குடித்துவிட்டுக் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். ஸ்வீட் பாக்ஸை என் வீட்டம்மாதான் பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்தாள். எனக்கு அன்றைக்கு அது சரி என்றே பட்டது. பல வருடம் சரி என்றே பட்டது.

குடியைப் பற்றி என் கருத்து மாறவில்லை. ஒரு குடும்பம் எப்படி அழியும் என்று பார்த்தவன் நான். இதைப் படித்துவிட்டு, வாத்தியாரே சொல்லிட்டார் என்று யாராவது கிளாஸைத் தூக்கினால் வீட்டு வாசலுக்கே வந்து திட்டுவேன். ஆனால் அன்று அவனிடம் நான் பேசியது அவன் வேலையைப் பார்த்து அல்ல, சின்னவனை நினைத்து. வேலையைப் பார்க்க எனக்குப் பதினைந்து வருடத்துக்கு மேல் பிடித்தது. அதுவும் மகள் வற்புறுத்தியதால்.

அந்த ஞாயிறு எல்லோரும் போன பிறகு அவனிடம் மெக்னீசியம் விஷயத்தை எடுத்தேன். மறந்திருப்பான் என்று நினைத்தேன். "குழாயைத் தேய்க்கணும்னு யாருமே சொல்லல சார்" என்றான். உண்மைதான், நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த வருடம் பாடம் முடிக்கிற அவசரத்தில் விட்டிருக்கிறேன். 2009 பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. கிளாஸ்களைக் கழுவப் போனான், நான் துடைத்து வைத்தேன். பன்னிரண்டு கிளாஸ் வரைக்கும் எண்ணினேன், அப்புறம் அவன் மனைவி வந்து வாங்கிக்கொண்டாள்.

தை மாதம் ஊருக்கு வருகிறான். பத்து நாள்தான் லீவு. அவன் வருகிற ஞாயிறு மாலை 5 மணிக்கு 96-97 பேட்ச்சில் உள்ளூரில் இருப்பவர்கள் நம் வீட்டுக்கு வந்துவிடுங்கள். உங்கள் வேதியியல் ரெக்கார்டு நோட்டு யாரிடமாவது இருந்தால் எடுத்து வாருங்கள், அவனுக்கு அதைப் பார்க்க வேண்டுமாம். காபியும் பஜ்ஜியும் உண்டு. அத்தான், நீங்களும் வரலாம். காபிதான்.